கல்யாணக் கேசட்டுக்கு எந்த டிகோடர்?

வீட்டு அலமாரியில் பத்துப் பதினைந்து விஎச்எஸ் கேசட்டுகள் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும், எதை வாங்குவது? இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு விளம்பரத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள். ‘3டி கோம்ப் ஃபில்ட்டர்’, ‘10 பிட்’, ‘1080பி தரம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். விஎச்எஸ் கேசட்டைப் பொறுத்தவரை இந்த மூன்றில் ஒன்றுகூட முடிவைத் தீர்மானிக்கும் தகுதி உடையதல்ல என்பது என் கட்சி. பார்க்க வேண்டியது வேறு. டெக்கிலிருந்து (கேசட்டை ஓட்டும் விசிஆர்) தள்ளாடிக்கொண்டே வரும் படத்தின் ஒவ்வொரு வரியின் நேரத்தையும் அந்தக் கருவி எப்படிக் கையாள்கிறது என்பதுதான் கேள்வி. அட்டைப் பெட்டியில் இதை யாரும் அச்சிடுவதில்லை.

இன்று ஒருவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. டெக்கின் படத்தைக் கணினிக்குள் ஏற்றும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் யுஎஸ்பி கேப்சர் குச்சி ஒன்று. டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து நேரத்தைச் சீராக்கிக்கொள்வது இரண்டாவது. டெக்கைத் திறந்து, அதன் தலை நாடாவிலிருந்து படிக்கும் மூல அலையையே கணினியில் ஏற்றி மென்பொருளால் பிரிப்பது மூன்றாவது. எது யாருக்கு என்று சொல்வதற்கு முன், கேசட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. எடுத்துக்கொண்ட முறை பால் (PAL). இலங்கையிலும் அதுவே. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புருக் வகுத்த முறை அது: ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் சிக்னல் ஏற்கெனவே நிரப்பிவிட்ட அலைவரிசைக்குள்ளேயே 4.43 மெகாஹெர்ட்ஸ் துணையலை ஒன்றின் மேல் நிறமும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாதஸ்வரத்தையும் தவிலையும் ஒரே மைக்கில் பதிவு செய்துவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்க ஆசைப்படுவது போன்ற காரியம்தான் இதைப் பிரிப்பது. டிகோடர் என்ற பெயரில் கடந்த நாற்பது ஆண்டுகளாக வந்த கண்டுபிடிப்புகளில் பெரும்பங்கு இந்தப் பிரிவினையைப் பற்றியவை.

தொடக்கத்தில் எல்லாம் அனலாக். பால் டிவிப் பெட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடித் துண்டு இருக்கும். அதற்குள் மீயொலி அலையாகப் பயணம் செய்து வெளிவர நிறச் சிக்னல் ஏறத்தாழ 64 மைக்ரோ நொடி எடுத்துக்கொள்ளும்; அது ஒரு வரியின் நேரம். முந்தைய வரியையும் இந்த வரியையும் கூட்டினால் நிறப் பிழை கரைந்துவிடும். புருக்கின் முறை வீட்டுக்குள் நுழைந்ததே இந்தக் கண்ணாடித் துண்டின் தயவால்தான். 1983-ல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரிலிருந்த ஐடிடி இன்டர்மெட்டால் நிறுவனம் ‘டிஜிட் 2000’ என்ற சிப் தொகுதியைக் கொண்டுவந்தது. கண்ணாடியின் வேலையை எண்களைச் சேமிக்கும் நினைவகம் எடுத்துக்கொண்டது.

அப்போது எழுந்த ஒரு கேள்விதான் இன்றைய நம் முடிவையும் தொடுகிறது. ஓடிவரும் அலையை எந்தக் கடிகாரத்தை வைத்து எண்ணாக்குவது? ஐடிடி நிறத் துணையலையைப் பிடித்துக்கொண்டது. அதன் நான்கு மடங்கு வேகத்தில், பால் முறையில் சுமார் 17.73 மெகாஹெர்ட்ஸில், மாதிரி எடுத்தது. அதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்த வேகத்தில் எடுத்தால் இரண்டு நிறக் கூறுகளும் நேராகவும் எதிர்மறையாகவும் மாறி மாறித் தாமாகவே வந்து விழும். பெருக்கல் சுற்றே தேவையில்லை. பெருக்கல் சுற்று சிப்பில் பெரிய இடத்தை விழுங்கிய காலத்தில் அது புத்திசாலித்தனமான முடிவு. பிலிப்ஸ் பிறகு வேறு வழியில் போனது. 1982-ல் சர்வதேச அமைப்பு ஸ்டூடியோக்களுக்கு என்று 13.5 மெகாஹெர்ட்ஸை வகுத்திருந்தது. அந்தக் கணக்கில் ஒரு பால் வரிக்கு 864 மாதிரிகள், கண்ணுக்குத் தெரிபவை 720. பிலிப்ஸின் சிப்கள் வரியின் தொடக்கத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, வரி நீண்டாலும் குறுகினாலும் அதே எண்ணிக்கையில் வெட்டின. நிறத்தைத் துரத்தும் வேலையைச் சிப்புக்குள்ளேயே எண்களால் ஆன ஓர் அலையாக்கியிடம் விட்டுவிட்டன.

1990-களின் நடுவில் அமெரிக்காவின் புரூக்ட்ரீ இன்னொரு வழியைக் காட்டியது. கணினி டிவி கார்டுகளில் எங்கும் நிறைந்திருந்த பிடி848, பிடி878 சிப்கள் அவர்களுடையவை. யாரையும் பின்தொடராத நிலையான படிகக் கடிகாரத்தை வைத்து முதலில் அதிவேகமாக மாதிரி எடுத்துவிட வேண்டியது; வரியின் உண்மையான நீளத்தை அளந்து, வேண்டிய எண்ணிக்கைக்குக் கணக்குப் போட்டு இழுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டியது. அனலாக் சுற்றால் நினைத்தும் பார்க்க முடியாத யோசனை இது.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. விஎச்எஸ் என்று வந்தால் ஐடிடியின் வழி தடுமாறும். பிலிப்ஸ், புரூக்ட்ரீ வழிகள் தாக்குப்பிடிக்கும்.

விஎச்எஸ் நாடாவில் ஒளிர்வும் (அதாவது கறுப்பு வெள்ளைப் பகுதி) நிறமும் சேர்ந்து இருப்பதில்லை. ஒளிர்வு 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை அலையும் பண்பலையாகப் பதிகிறது. நிறம் 627 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்கப்பட்டு அதன் அடியில் பதிகிறது. ஓட விடும்போது டெக் தன் படிகத்தின் துணையோடு நிறத்தை மறுபடி 4.43-க்கு ஏற்றிவிடும். விளைவு வினோதமானது: நிறம் ஓரளவு நிலையாக நிற்கும், வரிகளோ சுழலும் தலையின் தள்ளாட்டத்தோடு நீண்டும் குறுகியும் வரும். இரண்டுக்கும் இடையில் ஒளிபரப்பில் இருந்த கறாரான கணக்கு இங்கே அறுந்துவிடுகிறது.

நிறத்தையும் ஒளிர்வையும் பிரிக்கும் கோம்ப் ஃபில்ட்டர் உயிர்வாழ்வதே அந்தக் கணக்கில்தான். அடுத்தடுத்த வரிகளில் நிறத்தின் கட்டம் (அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) இத்தனை பாகை மாறும் என்று நம்பித்தான் அது கூட்டிக் கழிக்கிறது. ‘3டி’ வகை இன்னும் ஒரு படி மேலே போய், வரிகளுக்குப் பதில் முழுப் படங்களையே கூட்டிக் கழிக்கும். அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் ஒரு படம் தள்ளினாலே நிறத்தின் கட்டம் நேர் எதிராகத் திரும்பிவிடும். பாலில் ஒரு படத்துக்கு 1,77,344.75 சுற்றுகள், அந்தக் கால் சுற்றுப் பாக்கியால் எதிர்க் கட்டத்துக்கு இரண்டு படங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே இரட்டை நினைவகம் வேண்டும், அசைவு இருந்தால் இரட்டைத் தொல்லை. ஒளிபரப்புக்கே இவ்வளவு பாடு என்றால், கணக்கு அறுந்த கேசட்டுக்கு? விவரம் தெரிந்த சிப்கள், வருவது கேசட் என்று கண்டுகொண்டதும் அந்த வசதியைத் தாமே அணைத்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 3டி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நிறத்தையும் ஒளிர்வையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ இல்லாமல், இரண்டையும் கலந்து அனுப்பும் மஞ்சள் வயரில் எடுத்தால் படம் பாழ் என்று இணையத்தில் பரவலாகச் சொல்கிறார்கள். அந்த அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்காவில் பிறந்தது. அங்கே நிறம் 3.58 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது; விஎச்எஸ் ஒளிர்வு ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் வரை போகும்; உரசல் இருக்கத்தான் செய்யும். நம் பால் முறையில் நிறம் 4.43-ல். நடுவில் தாராளமான இடைவெளி. எளிய நிற வடிகட்டி ஒன்றே இரண்டையும் சேதமின்றிப் பிரித்துவிடும். எஸ்-வீடியோ துளை இருந்தால் பயன்படுத்துங்கள். அதற்காக மட்டும் வேறு டெக் தேடி அலைய வேண்டாம். நம் வீடுகளில் இருந்த டெக்குகளில் அது இருந்ததும் அபூர்வம். அமெரிக்க உறவினர் அனுப்பிய என்டிஎஸ்சி கேசட் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

இனி குச்சி. சென்னை ரிச்சி தெருவில் நுழைந்து கேப்சர் கார்டு என்று கேட்டால் கைக்கு வருவது இதுதான். ஒரு காலத்தில் இவற்றுக்குள் பிலிப்ஸின் எஸ்ஏஏ7113 இருந்தது, 9 பிட் மாற்றியோடு. அது நல்ல சிப். வரித் தொடக்கத்தை எவ்வளவு வேகமாகத் துரத்த வேண்டும் என்பதற்கு அதன் பதிவகத்தில் (சிப்பின் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) டிவிக்கு ஒன்று, விசிஆருக்கு ஒன்று, வேகப் பிடிப்பு என்று தனித்தனி நிலைகள் உண்டு. மென்பொருள் சரியான நிலையைத் தேர்ந்தெடுத்தால் படம் நிமிர்ந்து நிற்கும். பிறகு வந்த நகல்களில் வேறு சிப்கள் இடம்பிடித்தன. பெட்டியும் படமும் மட்டும் பழையவை. வெளியிலிருந்து பார்த்து உள்ளே எது என்று சொல்ல வழியில்லை. வாங்கிய பிறகு கணினியில் செருகி அடையாள எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குச்சியின் குறைகள் இரண்டு இடங்களில் தெரியும். படத்தின் மேல் விளிம்பு ஒரு பக்கமாகக் கொடி போல வளையும். டெக்கில் இரண்டு தலைகள் மாறி மாறிப் படிக்கின்றன; ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் இடம் படத்தின் அடியில் இருக்கிறது. அங்கே நேரம் ஒரு துள்ளு துள்ளும். டிகோடர் அதிலிருந்து மீள்வதற்குள் அடுத்த புலத்தின் (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளால் ஆன பாதிப் படம்) முதல் வரிகள் வந்துவிடும். இரண்டாவது குறை நம் கல்யாணங்களுக்கே உரியது. மண்டபத்தில் வீடியோக்காரரின் விளக்கு முகத்துக்கு நேரே எரியும். வெள்ளை வேட்டி, ஜரிகைப் பட்டு, குத்துவிளக்கு எல்லாம் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் பதிந்திருக்கும். எண் முறையில் வெள்ளையின் எல்லை 235. அதற்கு மேலே வந்ததை மலிவுக் கருவிகள் அப்படியே வெட்டிவிடும். வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைத் தாளாகிவிடும். பதிவு தொடங்குமுன் பிரகாசத்தையும் மாறுபாட்டையும் சற்றுக் குறைத்து வைத்தால் சில கருவிகளில் தப்பிக்கலாம். எல்லாவற்றிலும் அல்ல, சிலவற்றில் வெட்டு நடந்த பிறகுதான் அந்தச் சரிசெய்தலே நடக்கிறது.

இந்த விலைக்குச் சற்று மேலே போனால் அனலாக் டிவைசஸின் ஏடிவி7180 போன்ற 10 பிட் சிப் உள்ள கருவிகள் வரும். அந்த 10 பிட்டைவிட, வரியின் நீளத்தைத் தொடர்ந்து அளந்து, ஒரு சிறு நினைவகத்தில் தேக்கிச் சீராக்கி விடும் அதன் ஏற்பாட்டையே நான் மதிக்கிறேன். விஎச்எஸ் நாடாவில் உள்ள இரைச்சலை 10 பிட்டில் துல்லியமாகப் பதிவு செய்வதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை.

இரண்டாவது வழிக்கு வருவோம். டிவிடி ரெக்கார்டர் வந்த காலத்தில், வீட்டுக் கேசட்டுகளை டிவிடிக்கு மாற்றுவது அதன் விற்பனை வாசகங்களில் ஒன்று. ஆகவே சில தயாரிப்பாளர்கள் உள்ளே வரும் தள்ளாட்ட அலையை நிமிர்த்த நல்ல சுற்று வைத்தார்கள். பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை. டிவிடி எழுதும் பகுதி பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை. டெக்கை அதன் உள்ளீட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டைக் கேப்சர் கருவிக்குக் கொடுத்தால் போதும். உள்ளே போவது வளைந்த படம். வெளியே வருவது புதிதாக வரையப்பட்ட துடிப்புகளோடு நேரான படம். இதைப் பார்த்த பிறகு மலிவுக் குச்சிகூட ஒழுங்காக வேலை செய்யும், படங்களைத் தவறவிடாது. ஒலியும் படமும் விலகிப்போகிறது என்ற பரவலான புகாரின் வேர் பெரும்பாலும் அப்படித் தவறவிட்ட படங்களில்தான் இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. ஒரு முறை எண்ணாகி, மீண்டும் அனலாகாகி, மீண்டும் எண்ணாகிறது. இரைச்சல் குறைப்பு என்ற பெயரில் முகங்களில் சற்று மெழுகுத்தன்மை ஏறலாம். ரெக்கார்டரின் மெனுவில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட வேண்டும். ஜேவிசி, பானசோனிக் நிறுவனங்களின் மேல்தட்டு எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் இந்தச் சீராக்கி உள்ளேயே இருக்கும். கிடைத்தால் அதுவே மேல். உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி எல்லாம் பழைய சரக்குதான். விலை விற்பவர் முகத்தைப் பொறுத்தது.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதையே எல்லோருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். இதில் டெக்கின் டிகோடரையும் நம்புவதில்லை, கேப்சர் சிப்பின் டிகோடரையும் நம்புவதில்லை. தலைப் பெருக்கியின் சோதனை முனையில் ஒரு மின்தேக்கியையும் வயரையும் பற்றவைத்து, நாடாவில் பதிந்திருக்கும் பண்பலையை அப்படியே எண்ணாக்கி வன்தட்டில் கொட்டுவது. மற்ற எல்லாவற்றையும் விஎச்எஸ்-டிகோட் என்ற திறந்த மூல மென்பொருளிடம் விடுவது. லேசர் டிஸ்க்குகளுக்காக (டிவிடிக்கு முந்தைய பெரிய வீடியோ வட்டுகள்) தொடங்கிய எல்டி-டிகோட் திட்டத்தின் கிளை இது.

பயன்படும் வன்பொருளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புரூக்ட்ரீயை ராக்வெல் வாங்கியது. அந்த வம்சம் கோனெக்சென்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. அவர்களுடைய சிஎக்ஸ்2388 வரிசைச் சிப் உள்ள பழைய டிவி கார்டுதான் இதற்கு மலிவான கருவி. பொறியாளர்கள் பாடுபட்டு அதற்குள் வைத்த டிகோடரை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, முகப்பில் இருக்கும் எண்ணாக்கியை மட்டும் நொடிக்கு 2.86 கோடி மாதிரிகள் வேகத்தில் ஓட விடுகிறார்கள்.

லாபம் என்ன? சிப்பில் உள்ள டிகோடர் ஓடும் ரயிலைப் பார்ப்பதுபோல் ஒரு முறைதான் பார்க்கும். வரித் துடிப்பு இரைச்சலில் மூழ்கினால் ஊகித்துவிட்டு நகர வேண்டியதுதான். மென்பொருள் முன்னும் பின்னும் பல வரிகளைப் பார்த்து, எங்கே துடிப்பு இருந்திருக்க வேண்டும் என்று நிதானமாகக் கணக்கிடும். நாடாவின் பூச்சு உதிர்ந்த இடத்தில் பண்பலையின் வலு சட்டென்று வீழும். அது மூல அலையில் மட்டுமே தெரியும். மஞ்சள் வயருக்கு வந்த பிறகு அது வெறும் வெள்ளைக் கீற்று. இன்னொரு லாபம், கேசட்டை ஒரு முறை ஓட்டினால் போதும். பூஞ்சை பிடித்த, சுத்தம் செய்து பயந்து பயந்து ஓட்டும் நாடாவுக்கு இது சாதாரண விஷயமல்ல. அடுத்த ஆண்டு மென்பொருள் மேம்பட்டால், கேசட்டைத் தொடாமலே மறுபடி பிரித்துக்கொள்ளலாம்.

பாடு என்ன? 8 பிட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 103 ஜிபி. மூன்று மணி நேரக் கேசட் என்றால் 300 ஜிபிக்கு மேல், சுருக்கிய பிறகுதான் கொஞ்சம் இறங்கும். பிசிஐ கார்டு என்பதால் மேசைக் கணினி வேண்டும். பிரிக்கும் வேலை சாதாரணக் கணினியில் படத்தின் ஓட்ட நேரத்தைவிட அதிகம் பிடிக்கும். ஒலியைத் தனியாகப் பதிவு செய்து பிறகு பொருத்த வேண்டும்; இரண்டும் வேறு வேறு கடிகாரங்களில் ஓடியதால் கடைசியில் விலகல் தெரியும். பற்றவைப்பில் கை நடுங்கினால் டெக் போயிற்று. தேய்ந்த தலையையும் தடம் மாறிய டெக்கையும் இந்த வழியும் காப்பாற்றாது; படிக்கப்படாத அலையை எந்தக் கணக்கும் மீட்காது.

நான்காவதாகக் கடையில் கொடுத்துவிடுவது உண்டு. கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நடுவில் நேரச் சீராக்கி இருக்கிறதா, நொடிக்கு 50 புலங்களையும் காப்பாற்றித் தருவீர்களா? விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். 25 படங்களாக மடக்கி, அதையும் நெருக்கி ஒரே டிவிடியில் அடைத்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

ஆக, பத்துப் பதினைந்து கல்யாண, காதுகுத்துக் கேசட்டுகள் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வழி. நல்ல நிலையில் உள்ள டெக், ஒரு பழைய டிவிடி ரெக்கார்டர், சுமாரான கேப்சர் கருவி. குச்சியை மட்டும் வைத்து ஒப்பேற்ற நினைப்பவர் முதலில் ஒரு கேசட்டைப் பதிந்து, மேல் விளிம்பையும் வெள்ளை வேட்டியையும் பார்க்கட்டும். இரண்டும் சரியாக இருந்தால் மேலே செலவழிக்க வேண்டியதில்லை. மறைந்துபோன ஒருவரின் ஒரே அசையும் பதிவு, கோயில் திருப்பணியின் ஒரே ஆவணம் என்று மாற்று இல்லாத ஒன்றிரண்டு கேசட்டுகளை மட்டும் எடுத்து வைத்து, மூன்றாவது வழி தெரிந்தவரிடம் கொண்டுபோகலாம்.

கோம்ப் ஃபில்ட்டரை இவ்வளவு தாக்கிவிட்டேன். அதற்குரிய களத்தையும் சொல்வதுதான் நியாயம். லேசர் டிஸ்க்கில் நிறமும் ஒளிர்வும் கலந்த முழு அலையே பதிந்திருக்கும், நேரமும் ஒழுங்காக இருக்கும். அங்கே நல்ல 3டி பிரிப்பு கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தைத் தரும். பிபிசி 1986-ல் லேசர் டிஸ்க்கில் வெளியிட்ட டூம்ஸ்டே ஆவணத்தைக் காப்பாற்ற முனைந்தவர்களால்தான் மேலே சொன்ன எல்டி-டிகோட் மென்பொருள் பெரிதும் வளர்ந்தது. பிபிசி ஆய்வுப் பிரிவின் ஜிம் ஈஸ்டர்புரூக் வகுத்த ‘டிரான்ஸ்ஃபார்ம் பால்’ முறையும் அதில் இருக்கிறது: படத்தை அலைவெண்களாக உடைத்து, துணையலையைச் சுற்றிச் சமச்சீராக நிற்பதை நிறம் என்றும் மற்றதை ஒளிர்வு என்றும் பங்கிடுவது. பிரிட்டனில் வண்ண நிகழ்ச்சிகளைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் பதிந்து வைத்தபோது, நிறத் துணையலை நுண்ணிய புள்ளிகளாகப் பிலிமில் தங்கிவிட்டிருந்தது. 2008-ல் அந்தப் புள்ளிகளிலிருந்தே ஒரு பழைய நகைச்சுவைத் தொடரின் பகுதிக்கு வண்ணத்தை மீட்டு பிபிசி ஒளிபரப்பியது. வண்ண நாடா அழிந்துபோன நிகழ்ச்சிக்குக் கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து அதன் சொந்த நிறமே திரும்பக் கிடைத்தது.

உங்கள் அலமாரியில் லேசர் டிஸ்க் இருந்தால் 3டி கோம்ப் ஃபில்ட்டருக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். விஎச்எஸ் கேசட்தான் என்றால் அந்தப் பணத்தில் டெக்கின் தலையைச் சுத்தம் செய்யத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். டெக்குகளைவிட வேகமாக அவர்கள்தான் குறைந்து வருகிறார்கள்.